போதகர் வீட்டுக்குப் போகும் தட்டுகள்

இயனேத்தா தன் பரீட்சைக்குப் போதகரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். ஊரிலேயே சொன்ன பேச்சைக் கேட்கிற ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான் என்று நம்பினாள்.

தலைநகர் ஆபியாவில் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்துப் படிப்பு. கடைசி வருடம். சர்க்கரையோ கொதிப்போ உள்ள ஒருவரைத் தன் ஊரிலேயே பிடித்து, ஒரு பருவம் முழுக்க அவர் சாப்பாட்டை மாற்றிக் காட்ட வேண்டும். கடைசியில் பேராசிரியை அலீதாசி நேரில் வந்து பார்ப்பார். தேறினால் சவாயித் தீவு ஆஸ்பத்திரியில் காலியாகக் கிடக்கிற ஊட்டச்சத்து அலுவலர் வேலைக்குத் தானே சிபாரிசு சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். தேறாவிட்டால் இன்னொரு வருடம் படிக்க வேண்டும், அதற்குள் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். சொந்தத் தீவில், அம்மா வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் ஒரு வேலை. இயனேத்தாவுக்கு இரவெல்லாம் அந்த நாற்காலிதான் கனவில் வந்தது.

கூடப் படிக்கிற பெண்களில் பாதிப்பேர் தங்கள் அப்பாவையே பிடித்திருந்தார்கள். ஒருத்தியின் அப்பா எதற்கெடுத்தாலும் தலையாட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் டப்பா மாட்டுக்கறியைத் திறக்கிறாராம். போதகர் ரெயுபேனா அப்படிப்பட்டவர் இல்லை. மலை மாதிரி உடம்பு, பூனை மாதிரி குரல். சர்க்கரை ஏறி, மாத்திரை போதாமல், அடுத்தது ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நீ சொல்லும்மா, நான் கேக்குறேன். நான் சொல்றத இந்த ஊர் கேக்குறதில்ல, அது வேற கதை" என்றார்.

அவள் சொன்னாள். சேப்பங்கிழங்கு ஒரு கைப்பிடி, அதற்கு மேல் வேண்டாம். பன்றிக்கறியில் கொழுப்பை வெட்டி ஒதுக்கிவிட வேண்டும். தேங்காய்ப்பால் ஒரு கரண்டி. தட்டில் பாதி கீரை. சாயங்காலம் கடற்கரையோரம் நடை. எல்லாவற்றுக்கும் போதகர் சரி என்றார். கடைசியாக, பாடப் புத்தகத்தில் இருக்கிற ஒன்றையும் சொன்னாள்.

"வேண்டாத பண்டத்த வீட்லயே வெக்காதீங்க ஐயா. கண்ணுல பட்டாத்தானே கை போகும்."

அங்கேதான் பிசகியது. அந்தப் புத்தகத்தை எழுதினவர்களின் ஊரில், ஒரு வீட்டு அலமாரியை அந்த வீட்டுக்காரர்களே நிரப்புவார்கள். இயனேத்தாவின் ஊரான சலேமோவாவில் போதகர் வீட்டு அலமாரியை ஊர் நிரப்புகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமும் சுடுகல் அடுப்பைத் திறந்து, முதல் துண்டையும் நல்ல துண்டையும் எடுத்து, தட்டில் அடுக்கி இலை மூடி, போதகர் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் தான் உட்காரும். போதகர் சாப்பிட்டது போக மீதியை அந்த வீட்டாரும், விருந்தாளியும், பாடகர் குழுப் பெண்களும் தின்று தீர்ப்பார்கள். யார் தின்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தட்டு கழுவித் துடைத்துத் திரும்பி வரும். அவ்வளவுதான் கணக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை, போதகரின் மனைவி மகேரிட்டா தன் புருஷனின் உடம்பை நினைத்து, சொன்ன சொல் தவறாமல், வேண்டாததையெல்லாம் வீட்டில் வைக்காமல் திருப்பி அனுப்பிவிட்டாள். வெட்டி ஒதுக்கிய கொழுப்பு, பிரிக்காத பலுசாமிப் பொட்டலம், பால் ஊற்றிய வாழைக்காய் எல்லாம் அந்தந்தத் தட்டிலேயே இலை மூடித் திரும்பி வந்தன.

இயனேத்தாவின் அம்மா தெமுகிசா, சேம்பிலையில் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றிச் சுடுகிற பலுசாமிக்குப் பேர்போனவள். தட்டை வாங்கி இலையைத் தூக்கிப் பார்த்தாள். அப்படியே நின்றாள். பக்கத்தில் நின்ற மகள் எட்டிப் பார்த்து முகமெல்லாம் பூரித்துப்போனாள். ஐயா ஒரு கரண்டிக்கு மேல் தொடவில்லை, கொழுப்பை அழகாக நறுக்கி ஒதுக்கியிருக்கிறார். முதல் வாரத்திலேயே இப்படி ஒரு நோயாளி யாருக்குக் கிடைப்பார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

தெமுகிசா மகளின் முகத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், மறுபடி மகளைப் பார்த்தாள்.

"இது உன் வேலையா?"

"நோயாளி விஷயத்த வெளிய சொல்லக் கூடாதும்மா. மொத வருஷமே சொல்லிக் குடுத்துட்டாங்க."

"நான் வெளியா?"

இயனேத்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சாப்பாட்டோடு திரும்பி வந்த தட்டு என்றால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாததல்ல. பரீட்சை சந்தோஷத்தில் மறந்துவிட்டது.

ஞாயிறு மத்தியானம் ஊர் முழுக்கத் தூங்குகிற நேரம். அன்றைக்கு ஒருவரும் கண் மூடவில்லை. ஒவ்வொரு வீடும் தன் தன் குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தது. பிரசங்கத்தின்போது சிரித்தது நாம்தானே என்றது ஒரு வீடு. ஓய்வுநாளில் தம்பி மீன் பிடிக்கப் போனது தெரிந்துவிட்டது என்றது இன்னொன்று. பேக்கரிக்குப் பக்கத்து வீட்டு சினீவா மட்டும், பன்றி மெலிந்திருந்தது, அது தன் புருஷன் தீனி போடாத குற்றம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

திங்கள் காலை ஊர்ப் பேச்சாளர் லாவூலு கிளம்பினார். எந்த நல்லது கெட்டதுக்கும் ஊர் சார்பில் பேசுகிறவர் அவர். கையில் கோல், தோளில் சாமரம், கக்கத்தில், மன்னிப்புக்கு அடையாளமாக, ஒரு நல்ல பாய். போதகர் வீட்டு முற்றத்தில் நின்று, ஊர் அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு, வானத்தில் தொடங்கி நங்கூரத்தில் முடித்து, மூச்சு விடாமல் பேசினார். போதகருக்கு வியர்த்துக் கொட்டியது. அதெல்லாம் ஒன்றுமில்லை, எனக்குச் சர்க்கரை, அவ்வளவுதான் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தார்.

லாவூலுவின் கண் கலங்கிவிட்டது. "எங்க குத்தத்த மறைக்க உங்க மேலயே நோயப் போட்டுக்கிறீங்களே ஐயா. இந்த மனசு யாருக்கு வரும்?"

இதற்கு மேல் என்ன பேச முடியும்? லாவூலு மறக்காமல் கொண்டுவந்திருந்த பன்றித்தொடையை அவர் எதிரிலேயே உட்கார்ந்து, தோலோடு கொழுப்போடு, போதகர் தின்று காட்டினார். பேச்சாளர் மனம் குளிர்ந்து வீடு போனார். அடுத்த ஞாயிறு எந்த வீடும் பின்வாங்கவில்லை. போன வாரம் ஒரு தட்டு அனுப்பினவர்கள் இந்த வாரம் இரண்டு அனுப்பினார்கள். தேங்காய்ப்பால் இன்னும் கெட்டியாக இருந்தது. தெமுகிசாவும் தன் பங்குக்கு ஒரு பெரிய பொட்டலம் கட்டினாள். ஊர்ப் பெண்கள் கமிட்டிக்கு அவள் தலைவி. மகளுடைய கைங்கரியம் என்று வெளியே தெரிந்தால் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்று வாயைத் திறக்கவில்லை.

சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை, இயனேத்தா கை வைப்பதற்கு முன்னால் இருந்ததைவிட ஏறியிருந்தது. பருவத்தில் பாதி போய்விட்டது. அவள் போதகர் வீட்டுப் படியில் உட்கார்ந்து அழாத குறைதான். ஊருக்கு உண்மையைச் சொல்லிவிடட்டுமா ஐயா, உங்கள் நோயைப் பற்றிப் பேச நீங்கள் அனுமதி தர வேண்டும் என்று மெல்லக் கேட்டாள்.

"என் சர்க்கரையப் பத்தியா? நான் அத வெச்சு ரெண்டு பிரசங்கமே பண்ணிட்டேனே" என்றார் போதகர். "ஒருத்தரும் கேக்கல போலிருக்கு."

வியாழக்கிழமை கமிட்டிப் பெண்கள் கூடம் நிறைய உட்கார்ந்து பாய் முடைந்துகொண்டிருந்தார்கள். இயனேத்தா நடுவில் போய் உட்கார்ந்தாள். இதுவரை யோசித்து யோசித்து அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. தான் வைத்தியம் பார்க்கவேண்டிய ஆள் போதகர் இல்லை. அவர் வாய்க்கு வந்து சேருகிறதை நாற்பது அடுப்புகள் தீர்மானிக்கின்றன. நாற்பது அடுப்பையும் விட்டுவிட்டு ஒரு வாய்க்கு உபதேசம் செய்து என்ன பிரயோசனம்?

முதலில் சர்க்கரை, இரத்தக்குழாய், சிறுநீரகம் என்று புத்தகத்தில் இருந்ததைச் சொன்னாள். ஒருத்தியும் ஓலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு, தட்டுகளைத் திருப்பி அனுப்பச் சொன்னது தான்தான், ஐயா இல்லை, ஊர் மேல் ஐயாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொன்னாள். எல்லாக் கையும் ஒரே நேரத்தில் நின்றது.

சினீவாதான் முதலில் வாயைத் திறந்தாள். "நான் என் புருஷன அன்னிலேர்ந்து வீட்டுக்குள்ள விடல. பன்னிய மெலிய வெச்சேன்னு. பாவம், தோணிக் கொட்டகையில படுத்துக் கெடக்கான்."

கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்கினதும் சினீவா சிரிக்காமல் தொடர்ந்தாள். "அபராதம் போடணும் தெமுகிசா அக்கா. யார் வீட்டுப் பொண்ணுன்னு பாக்காம போடணும்."

வழக்கமான அபராதம் என்றால் ஒரு பெட்டி டப்பா மாட்டுக்கறி. அதைச் சொன்னதும் இன்னொரு சிரிப்பு எழுந்தது, அந்தப் பெட்டியையும் இவள் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று. சினீவாவே வேறு ஒன்று சொன்னாள். எங்கள் முதுகுக்குப் பின்னால் தட்டைத் திருப்பினவள், இனி ஞாயிறுதோறும் போதகர் வீட்டு வாசலில் நிற்கட்டும். எது ஆகும், எது ஆகாது என்று கொண்டுவருகிறவள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

தெமுகிசா மகளைப் பார்க்கவே இல்லை. தலைவி என்கிற முறையில் அப்படியே ஆகட்டும் என்று தீர்ப்புச் சொன்னாள்.

இயனேத்தா, நிற்கிறேன், எனக்கு ஒன்று மட்டும் செய்து கொடுங்கள் என்று கேட்டாள். கல்யாணத்திலும் சாவிலும் யார் என்ன கொண்டுவந்தாலும் பேச்சாளர் ஊர் கேட்கக் கூவி அறிவிக்கிறார் அல்லவா? இன்னார் குடும்பம், இத்தனை பாய், இத்தனை பன்றி என்று. தட்டுகளுக்கும் லாவூலு மாமா வாசலில் நின்று அப்படிக் கூவட்டும்.

"கூவியாச்சுன்னா குடுத்த மரியாத போய்ச் சேந்துருச்சு. அப்பறம் அத ஐயா தின்னா என்ன, பந்தாடுற பசங்க தின்னா என்ன? தட்டு காலியாத்தான் வீட்டுக்கு வரும்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதில் தப்புச் சொல்ல யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. லாவூலுவைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. வாரத்துக்கு ஒருமுறை வாசலில் நின்று கத்தலாம் என்றால் அவர் சனிக்கிழமை இரவே வந்து நிற்பார்.

முதல் ஞாயிறு நரகம்தான். வெள்ளை உடுப்பும் தொப்பியுமாகப் பெண்கள் வரிசையில் நிற்க, லாவூலு கோலை ஊன்றி, தெற்குக் கரையின் மீன்களெல்லாம் வணங்குகிற இன்னார் குடும்பத்திலிருந்து ஒரு பன்றி விலா என்று கூவுவார். கூவி முடிந்ததும் இயனேத்தா இலையைத் தூக்கி, உள்ளே போகிற பங்கு இது, பின்கட்டில் பந்து விளையாடுகிற இளவட்டங்களுக்கு இது என்று பிரிக்க வேண்டும். சினீவாவின் தட்டில் மயோனைஸில் மிதக்கிற உருளைக்கிழங்கை ஒதுக்கியபோது, கண்ணில் அடுப்புப் புகை எழுகிற மாதிரி சினீவா முறைத்தாள்.

கடைசியில் தெமுகிசா வந்தாள். லாவூலு தன் முழுக் குரலில் அவளுடைய பலுசாமியைப் புகழ்ந்து கூவினார். கூவல் நின்றது. வரிசையில் நின்றவர்கள், கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தவர்கள், எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். சொந்த அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்த வாரம் இந்த வாசலில் இவள் பேச்சு எடுபடாது. இயனேத்தாவுக்கும் அது தெரியும்.

பொட்டலத்தைப் பிரித்தாள். பால் அல்வா மாதிரி இறுகி நின்றது. அவளே தின்று வளர்ந்த பால்.

"ஒரு கரண்டி உள்ள போகும்மா. மீதி பசங்களுக்கு."

"ஒரு கரண்டியா? இத முழுசாத் தின்னுதான்டி நீ புஸ்தகம் தூக்குற அளவுக்கு வளந்த."

"எனக்குச் சக்கர இல்லம்மா."

"இன்னும் கொஞ்ச நேரம் இங்க நின்னு வாயாடு, எனக்கு வந்துரும்."

தெமுகிசா கரண்டியைத் தானே வாங்கினாள். ஒரே ஒரு கரண்டி எடுத்தாள், ஆனால் மேலாக எடுக்காமல், இலையும் பாலும் சேர்ந்து வெந்த நடுப்பகுதியிலிருந்து எடுத்துப் போதகரின் தட்டில் வைத்தாள். கொடுக்கிறது ஒரு கரண்டி என்றால் அது நல்ல கரண்டியாக இருக்கட்டும் என்றாள். திரும்பி வரிசையைப் பார்த்து, இனி இவளிடம் யாராவது முறைத்தால் கமிட்டியில் பேசிக்கொள்ளலாம் என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்தடுத்த வாரங்களில் ஒரு வேடிக்கை நடந்தது. எதையும் ஒதுக்காமல் முழுத் தட்டும் உள்ளே போனால் லாவூலு தானாகவே ஒரு வால் சேர்த்துக் கூவ ஆரம்பித்தார், முழுத் தட்டும் உள்ளே, முழுத் தட்டும் உள்ளே என்று. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைக் கேட்பதற்காகவே வீடுகளில் சமையல் மாறியது. இலையில் சுட்ட மீன் வந்தது. சேம்பிலை கூடியது, பால் குறைந்தது. பப்பாளிக்காய், கடற்பாசி, சுட்ட ஈரப்பலாவில் ஒரு சின்னத் துண்டு என்று வந்தன. புதன்கிழமைகளில் சினீவா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, தனக்காகக் கேட்கவில்லை, தங்கைக்காகக் கேட்கிறேன் என்று சொல்லி, கோழியை எப்படிச் செய்தால் முழுத் தட்டு என்று விசாரித்தாள். தோணிக் கொட்டகையிலிருந்து அவள் புருஷனும் வீடு திரும்பிவிட்டான்.

போதகருக்கு மட்டும் சின்னக் குறை இருந்தது. "என் பேரச் சொல்லி ஊர்ப் பசங்கதான் கொழுக்கிறாங்க" என்றார். ஆனால் சாயங்காலம் நடந்து போகும்போது கூட வருகிற மகேரிட்டாவுக்கு மூச்சு வாங்கியது, அவருக்கு வாங்கவில்லை. சுகாதார நிலையத்தில் அடுத்த தடவை எடுத்த இரத்தம் நல்ல சேதி சொன்னது. சர்க்கரை இறங்கியிருந்தது. ஊசியை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம் என்று டாக்டர் சொன்னார்.

பருவத்தின் கடைசி ஞாயிறு பேராசிரியை அலீதாசி வந்தார். ஆராதனையில் பின்வரிசையில் உட்கார்ந்து பாடினார். முடிந்ததும், காரின் பின்கதவைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு, தட்டு வரிசையின் முன்னால் வந்து நின்றார். வெளியூர்க்காரர் இன்னொரு ஊருக்குள் நுழையும்போது போதகர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவாரா? ஆபியாவில் நல்ல கடையில் வாங்கிய கேக். மூன்று அடுக்கு, மேலே விரற்கடை உயரத்துக்கு கிரீம், அதன்மேல் ஜெல்லியில் முக்கியெடுத்த பீச் துண்டுகள்.

இவர் மார்க் போட வந்தவர் என்பது லாவூலுவுக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தின் பெருமையைக் கடல் தாண்டிக் கேட்கிற மாதிரி கூவினார்.

கூவி முடிந்தது. இயனேத்தா கேக்கைப் பார்த்தாள். மார்க் போடுகிற கை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வேலைக்குச் சிபாரிசு சொல்லப்போகிற வாய் அதற்கு மேல் புன்னகைத்துக்கொண்டிருந்தது. பரவாயில்லை, இன்று ஒருநாள்தானே என்று ஒரு நினைப்பு வந்தது உண்மைதான். அவளுக்குப் பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். வரிசையில் இலை மீனோடு சினீவா நின்றாள்.

"மேடம், ரொம்ப நன்றி. பீச் துண்டு ஒண்ணு உள்ள போகும். மீதி பசங்களுக்கு."

அலீதாசியின் புன்னகை அப்படியே நின்றுவிட்டது. கேக்கைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மாணவியைப் பார்த்தார். காது வரை சிவந்துபோனார்.

"ஐயையோ. சக்கரக்காரர் வீட்டுக்கா இத வாங்கிட்டு வந்தேன்? கடையில நின்னப்ப போதகர் வீடுன்னு மட்டும்தான் தோணுச்சு. நான் பாக்க வந்த கேஸுன்னு தோணவே இல்ல."

"எங்களுக்கும் அப்படித்தான் மேடம்" என்றாள் தெமுகிசா. "எத்தன வருஷமா."

பேராசிரியை சிரிக்க ஆரம்பித்தார். வரிசை முழுக்கச் சிரித்தது. கிரீமைத் துடைத்து ஒரு பீச் துண்டை உள்ளே அனுப்பிவிட்டு, அவர் அங்கேயே வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டார். போதகர் இதற்கு முன்னால் என்ன சாப்பிட்டார், எப்படிக் குறைத்தாய், பசங்களுக்கு இத்தனை கொழுப்புப் போகிறதே அதற்கு என்ன வழி என்று கேள்வி மேல் கேள்வி. கடைசிக் கேள்விக்கு இயனேத்தா தடுமாறினாள். அதை இனிமேல்தான் யோசிக்க வேண்டும், இப்போதைக்கு அவர்கள் நாள் முழுக்கத் தோட்டத்தில் கிடக்கிறார்கள் என்பதுதான் தன் தைரியம் என்று ஒப்புக்கொண்டாள். அந்தப் பதில்தான் பேராசிரியைக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த மாதிரி இருந்தது.

"செவ்வாக்கெழம ஆஸ்பத்திரிக்கு வந்துரு" என்றார். "பெரிய டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். இத்தன பேருக்கு நடுவுல எனக்கே இல்லன்னு சொன்னவ, அங்க வார்டு சமையல்காரங்களச் சமாளிச்சுருவே."

இயனேத்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தெமுகிசா பின்னாலிருந்து மகளின் தோளை ஒரு அழுத்து அழுத்தினாள்.

சினீவா தொண்டையைச் செருமினாள்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் நகந்து உக்காருங்க. என் மீன் ஆறுது."